மூன்றாம் தரம் கேட்கும்வரை

எங்கள் குடும்பத்தில் முதல் தரம் கேட்டவுடன் சாப்பிட்டவர் என்று ஒருவரும் கிடையாது. யாராவது இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அவரைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நடைமுறை இதுதான். வீட்டுக்காரி, "சாப்பிடுங்கோவன்" என்பார். "ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டிட்டு வாறம்" என்று நாங்கள் சொல்லவேண்டும். இந்த 'இப்பதான்' பெரும்பாலும் முந்தின நாளாக இருக்கும். வீட்டுக்காரி அதை நம்பமாட்டார். நம்பினால் அவர் நல்ல வீட்டுக்காரி இல்லை. இரண்டாம் தரம் கேட்பார். "வயித்திலை இடமில்லை" என்று வயிற்றைத் தடவிக் காட்டவேண்டும். மூன்றாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார். அப்போதுதான், "நீங்கள் இவ்வளவு சொல்லுறியள், கொஞ்சமாய்ப் போடுங்கோ" என்று பெரிய மனது பண்ணி உட்காரலாம். அந்தக் 'கொஞ்சம்' ஒரு மலை. அதையும் முடித்துவிட்டு, போட்டதை வீணாக்கக்கூடாது என்பதற்காகத்தான் சாப்பிட்டேன் என்பதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஒரு தரம் கேட்டுவிட்டு உள்ளே போன வீடுகளை அம்மா மறக்கவே மாட்டார். "அவை எங்களைச் சாப்பிடச் சொல்லேல்லை" என்பார். "சொன்னவை அம்மா" என்று நான் திருத்துவேன். "ஒருக்கால் சொல்லுறது ஒரு சொல்லோ?" என்று அம்மா வாயை அடைத்துவிடுவார்.

இதைச் சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சாப்பிடுவதில் நானும் பின் நிற்பவள் அல்ல. ஆனால் எண்பதுகளின் கடைசியில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, ஜேர்மனியிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. எங்கள் ஊர்த் தரகர் கொண்டுவந்தார். கூடவே ஒரு படம். பனிக்குள் ஒரு பெரிய கார், அதன் பக்கத்தில் ஒருவர். தொப்பியும் சால்வையும் போக மூக்குத்தான் மிச்சம் தெரிந்தது. "பொடியன் தங்கம்" என்றார் தரகர். மூக்கை வைத்து நான் எதைச் சொல்வது?

அதே கிழமை எனக்கு ஆசிரியர் கலாசாலையில் கணிதப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்துக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தவள். அதனால் அம்மா, "என்ன பிள்ளை, பேசி முடிப்பமோ?" என்று கேட்டபோது, "வேண்டாம்" என்றேன்.

அம்மா முகம் மலர்ந்து போனார். "நல்ல பிள்ளை. எடுத்த எடுப்பிலை ஓம் எண்டு சொல்லுமோ?" என்று அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அடுத்த நாள் திரும்பக் கேட்டார். "எனக்குப் படிக்கவேணும், கலியாணம் வேண்டாம்" என்றேன். "வெக்கப்படுறாள்" என்றார். மூன்றாம் நாள் மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். அழுதுகொண்டு, "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான், மூன்று முடிந்துவிட்டது. மாமா அன்றைக்கே தரகரிடம் போய், "பிள்ளைக்கு விருப்பம்" என்று சொல்லிவிட்டார். நாலாம் தரம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் வழக்கத்தில் இடமில்லை. அதற்கு என்ன மறுமொழி என்று யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை அகதியாகப் போனவர், ஊருக்கு வரமுடியாத நிலையில் இருந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பலர் அப்படித்தான். அவருடைய அக்கா திருச்சியில் வாடகைக்கு இருந்தார். மாப்பிள்ளை அங்கே வருவார், நாங்களும் போய்ச் சந்திப்பது, பிடித்திருந்தால் அங்கேயே ஒரு கோயிலில் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. அப்பா மாட்டையும் வெங்காயத் தோட்டத்தையும் பார்க்க நின்றுவிட்டார். அம்மா, மாமா, மாமி, தரகர், நான் என்று ஐந்து பேர் புறப்பட்டோம். மாமி ஒரு பை நிறைய, பல நாள் கெடாத பருத்தித்துறை வடை கட்டிக்கொண்டார். நான் கலாசாலைக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கொழும்புக்குப் போய்ச் சேரவே இரண்டு நாள் பிடித்தது. அங்கிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

திருச்சியில் தங்கிய லொட்ஜுக்கு எதிரே ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை. முதல் நாள் மத்தியானம் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். இலை வந்தது. சர்வர் சோற்றை அள்ளி அம்மாவின் இலையில் ஒரு அகப்பை போட்டார். அம்மா பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்து, "போதும், போதும்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு இன்னும் இரண்டு அகப்பை போடு என்று அர்த்தம் எடுப்பார்கள். சர்வர், "சரிம்மா" என்று மாமிக்குப் போனார். மாமியும், "போதும்" என்றார். மாமாவும். நானும். தரகர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய இலையில் சோறு குவிந்தது. வேண்டாம் என்ற சொல் அவருடைய தொழிலுக்கே ஆகாது.

அடுத்து சாம்பார் வாளி வந்தது. "சாம்பாருங்களா?"

"வேண்டாம்" என்றார் அம்மா.

வாளி நகர்ந்தது. அம்மாவின் கண்ணும் வாளியோடு போனது. நாங்கள் எல்லோரும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது திரும்பி வரும் என்று காத்திருந்தோம். வாளி தரகரின் இலையில் வெள்ளம் விட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டது. ரசத்துக்கும் அதே கதை. மோருக்கும் அதே கதை. கடைசியில் எங்கள் இலைகளில் ஒரு பிடி வெறுஞ்சோறும் பீற்றூட் பொரியலும் இருந்தன. பிசைவதற்கு ஒன்றுமில்லை. மாமா சோற்றை உருட்டி மருந்துக் குளிசை போல விழுங்கினார். அம்மா கொஞ்ச நேரம் கையை இலைக்கு மேலே வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த இடைவெளியில் ஒருவர் வந்து, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டு இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"உவங்களுக்கு வளர்ப்புச் சரியில்லை" என்றார் மாமா, படியிறங்கும்போது.

"சாம்பார் திறம்" என்றார் தரகர்.

லொட்ஜில் கட்டிலில் உட்கார்ந்து பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டே ஒரு கூட்டம் போட்டோம். இந்தியாவில் முதல் தரமே ஓம் என்று சொல்லவேண்டும் என்று மாமா தீர்மானம் போட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அடுத்த நாள் சர்வர் வாளியோடு வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, "வேண்டாம்" தான் வந்தது. "என்ரை நாக்குப் புரளுதில்லை. ஒரு அந்நிய ஆம்பிளையிட்டை சாம்பார் தா எண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் தனக்காகக் கேட்கத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவருக்காகக் கேட்கலாம். அதில் மானக்கேடு இல்லை. அன்றைக்கு வாளி வந்ததும் மாமா, "அக்காவுக்கு விடுங்கோ" என்றார். அம்மா, "ஐயோ எனக்கு வேண்டாம், தம்பிக்கு விடுங்கோ" என்று இலையைக் கையால் மூடினார். மாமி, "ரெண்டு பேருக்கும் விடுங்கோ" என்றார். மாமா தன் இலையை மூடிக்கொண்டு, "பிள்ளைக்கு" என்று என்னைக் காட்டினார். சர்வர் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருக்குத்தாங்க வேணும்?" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. "எனக்கு" என்றார் தரகர்.

"கையை வைச்சால் விடாமல் போறதோ? விரலுக்குள்ளாலை விடுறதெல்லோ முறை" என்று அம்மா அன்று முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வேண்டாம் என்ற சொல்லுக்கு இவ்வளவு பலம் இருந்ததை நான் கண்டதில்லை. ஒருதரம் சொன்னால் ஒரு வாளி அப்படியே திரும்பிப் போகிறது.

நாலாம் நாள் பெண் பார்க்கிற நாள். மாப்பிள்ளையின் அக்காவுடைய வீடு சின்னது, எல்லோரும் இருக்க இடம் போதாது. அதனால் குளிர்சாதன அறை உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் காலமை பத்து மணிக்குச் சந்திப்பது என்று தரகர் ஒழுங்கு செய்திருந்தார். அதற்கு முன் மலைக்கோட்டைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் தண்ணீர் விடுவது என்று அம்மா நேர்ந்திருந்தார். அம்மா முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு பட்டினி. எனக்கும் விடிந்ததிலிருந்து ஒன்றும் தரவில்லை. நானூறுக்கு மேல் படி ஏறி இறங்கினோம். கீழே ஒரு கடையில் வடை பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கு நான் பிள்ளையாரை மறந்துவிட்டேன். நேரம் போய்விட்டது என்று அம்மா நிற்கவிடவில்லை.

"அங்கை போய் ஆலாய்ப் பறக்காதை. மாப்பிள்ளை என்ன கேட்டாலும் முதல் வேண்டாம் எண்டு சொல்லு. அவையள் எங்கடை ஆக்கள், அவைக்கு முறை தெரியும். திருப்பிக் கேப்பினம்" என்றார் அம்மா, ஓட்டோவுக்குள் என் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டே.

மாப்பிள்ளைக்கு மூக்கோடு மற்றதெல்லாமும் இருந்தன. நல்ல முகம். ஏழு வருடம் ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலில் கறுத்த சப்பாத்துப் பளபளத்தது. நான் உட்காரும்வரை கதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி அதைப் பார்த்து அம்மாவின் தொடையில் கிள்ளினார். சர்வர் வந்ததும் அவர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"நீங்கள் என்ன சாப்பிடுறியள்?"

"ஒண்டும் வேண்டாம்" என்றேன், பழக்கிவிட்டபடி.

"இவவுக்கு ஒண்டும் வேண்டாமாம்" என்று அவர் சர்வரிடம் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"இப்பதான் தம்பி சாப்பிட்டிட்டு வாறம்" என்றார் அம்மா, முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவர்.

மாமா, மாமி இரண்டு பேரும் வயிறு நிறைந்திருப்பதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை தனக்கும் அக்காவுக்கும் நெய்த் தோசை சொன்னார். தரகர் தனக்கு இரண்டு இட்டலி, ஒரு உளுந்து வடை, ஒரு பூரி செட், முடிவில் கோப்பி என்று சொன்னார். மாப்பிள்ளையின் அக்காவுக்கு எங்கள் முறை தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டு, "அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா, கொஞ்சமாவது சாப்பிடுங்கோ" என்று இரண்டாம் தரம் கேட்டார். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "வயித்திலை இடமில்லைப் பிள்ளை" என்று ஆசையோடு சொன்னார். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, வேண்டாம் எண்டவையை ஏன் கரைச்சல் படுத்துறாய்?" என்று மாப்பிள்ளை நடுவில் புகுந்தார். "ஜேர்மனியிலை அப்பிடிச் செய்யிறது மரியாதை இல்லை. வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்."

மாமாவின் வயிறு மட்டும் ஒருதரம் நீளமாக முனகியது. மாமா கதிரையின் சத்தம்போல அதைக் காட்ட ஆடிப் பார்த்தார்.

தோசை வந்தது. மேசையின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைவரைக்கும் நீளம். பொன்னிறம், ஓரமெல்லாம் மொறுமொறு, நெய் வடிந்து தட்டில் தேங்கியிருந்தது. அந்த மனுஷன் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் கேட்டு வாங்கி அதைக் குத்தினார். ஒவ்வொரு தரமும் தோசை உடைந்து பறந்தது. ஒரு துண்டு என் முன்னால் வந்து விழுந்தது. அதை எடுத்து வாயில் போடாமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் பிடித்த உண்மையான விரதம்.

கொதித்துக்கொண்டு இருந்தேன். இந்த ஆளுக்கு ஒருதரம் வேண்டாம் என்றால் அப்படியே விளங்கிவிடுகிறதே, இதென்ன விசர் மனுஷன், என்று மனதுக்குள் திட்டினேன். திட்டி முடிக்கமுன்னமே எனக்குச் சுரீரென்றது. ஒருதரம் வேண்டாம் என்றால் இந்த ஆளுக்கு விளங்குகிறது! என் கை தானாக மடியில் இருந்த கைப்பையைத் தடவியது. உள்ளே கடிதம் சரசரத்தது.

தரகர் பூரியை முடித்துவிட்டு, "பிள்ளையள் கொஞ்சம் கதைக்கட்டும்" என்றார். எல்லோரும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காதுகளைத் திருப்பவில்லை.

மாப்பிள்ளை முள்ளைக் கீழே வைத்தார். "நான் நேரடியாகவே கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உங்களுக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமோ?"

"இல்லை" என்றேன். சொல் சின்னதாக வந்ததுபோல இருந்தது. அதனால், "வேண்டாம்" என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். மாமியும் சிரித்தார். எல்லாம் முறைப்படி நடக்கிறது என்ற சிரிப்பு.

"சரி" என்றார் மாப்பிள்ளை. அவருடைய முகம் கொஞ்சம் வாடியது, அதை நான் மறைக்கமாட்டேன். "முகத்துக்கு நேரை சொன்னதுக்கு நன்றி."

அப்போதுதான் எங்கள் ஆட்கள் திரும்பினார்கள். "தம்பி, அவள் வெக்கத்திலை சொல்லுறாள். நீங்கள் இன்னொருக்கால் கேளுங்கோ" என்றார் அம்மா. சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, குரலில் இல்லை. "எங்கடை பக்கத்துப் பிள்ளையள் உப்பிடித்தான்" என்றார் மாமா. "பெடிச்சிக்குச் சரியான விருப்பம், எனக்குத் தெரியும்" என்றார் தரகர், விரலை நக்கிக்கொண்டு. அக்காகூடத் தம்பியின் கையைத் தட்டினார். "கேளன். இன்னொருக்கால் கேட்டால் என்ன குறைஞ்சா போவாய்?"

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. குளிர்சாதனம் ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டாம் தரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் தரம், ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனுஷன் கேட்டால் என் கழுத்துத் தானாக ஆடிவிடும். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. மூன்றுக்கு மேல் எனக்கும் எண்ணத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் கைப்பையை நெரித்துப் பிடித்தேன்.

"ஒண்டு கேக்கலாமோ? நீங்கள் உண்மையிலை சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?"

"இல்லை."

"தோசை சொல்லட்டோ?"

"ஓம்" என்றேன்.

பிறந்ததிலிருந்து முதல் தரம் கேட்டதற்கு நான் சொன்ன முதல் ஓம் அதுதான். எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் இரண்டு பேரையும் தவிர அந்த மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி தலையில் கை வைத்தார். தரகர் குடிக்கத் தூக்கிய கோப்பியைக் கீழே வைத்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, குழம்பினது குழம்பிப் போச்சு. எனக்கும் ஒரு தோசை" என்றார், யாரும் கேட்காமலே. மாமி அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்கு இட்டலி" என்றார்.

"உங்களுக்கு அம்மா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"வேண்டாம்" என்றார் அம்மா. மாப்பிள்ளை சர்வரை அனுப்பிவிட்டார்.

என் தோசை வந்தது. பெரியது, முழுசு, எனக்கே எனக்கு. நான் கை வைக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மலைக்கோட்டைத் திருநீறு வியர்வையில் கரைந்து இமைவரை வந்திருந்தது. முந்தின நாளிலிருந்து ஒரு வாய் இல்லை, நானூறு படி, கடைசியில் இப்படி ஒரு மகள். பாவமாக இருந்தது. செய்ததற்கு வருத்தம் வரவில்லை, ஆனால் பாவமாக இருந்தது.

தோசையைப் பாதியாகப் பிய்த்து அம்மாவின் பக்கம் தள்ளினேன். "சாப்பிடுங்கோ அம்மா."

"எனக்கு வேண்டாம்."

"கொஞ்சம் சாப்பிடுங்கோவன்."

"வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்." குரல் உடைந்திருந்தது. இது முறைக்குச் சொன்ன வேண்டாம் இல்லை, கோபத்தில் சொன்னது என்று எனக்கு நன்றாக விளங்கியது. ஒருதரம் வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும் என்று அப்போதுதான் சந்தோஷப்பட்டவள் நான். அதெல்லாம் மற்றவர்களுக்கு.

"அம்மா" என்றேன் மூன்றாம் தரம், துண்டைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டு.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டி அதை வாங்கினார். வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார். கண்ணைத் துடைத்தார். பிறகு, இன்னும் சுவரைப் பார்த்தபடியே, "உந்தச் சட்னியையும் இஞ்சாலை தள்ளு" என்றார்.